மூளையின் எரிபொருளும் முதுமையின் நினைவாற்றலும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்)

முன்னுரை

"வயதானால் புத்தி மழுங்கும்" என்பது நம் ஊர்களில் எவரும் ஆராயாமல் சொல்லிவிடும் தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்னர் விசாரணை வேண்டும் அல்லவா? அந்த விசாரணையை அறிவியல் எவ்வாறு நடத்தியது, என்ன முடிவுக்கு வந்தது என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பொருளை நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் அப்பாயிக்கு வயது 74. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை; கையெழுத்து வேண்டிய இடத்தில் கைநாட்டுத்தான். ஆனால் 30 ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பால் கணக்கு முழுவதும் அவர் பொறுப்பு. தெருவில் 11 வீடுகளுக்குப் பால் ஊற்றுவார். வீட்டுக்கு ஒரு வரிசையாகச் சுவரில் சுண்ணாம்புக் கோடு இடுவார். மாதம் முடிந்ததும் ஒரு காசு பிசகாமல் வாங்கி வருவார். சென்ற தை மாதத்தில் ஒரு வீட்டில் பணம் வாங்கியதை மறந்து, மறுநாளும் போய்க் கேட்டுவிட்டார். அந்த வீட்டார் தெருவில் நின்று சத்தம் போட்டார்கள். அன்று மாலை சித்தப்பா, "அம்மாவுக்குப் புத்தி தடுமாறிப் போச்சு, இனிமே கணக்கை நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லி, ஈரத்துணியால் சுவர்க் கோடுகளைத் துடைத்துவிட்டார். அப்பாயி ஒரு வார்த்தையும் பேசவில்லை. மறுநாள் முதல் திண்ணையை விட்டு இறங்கவுமில்லை.

அதே வாரத்தில்தான் எங்கள் வகுப்பில் செல் சுவாசம் பாடமாக நடந்தது. "உடலில் மிகுதியாகச் செலவு செய்யும் உறுப்பு மூளை" என்றார் பேராசிரியர். அப்படியானால் அப்பாயியின் மறதிக்கு மூளையின் எரிபொருள் குறைந்ததுதான் காரணமா? குறைந்ததென்றால் எவ்வளவு? அதை நோய் என்பதா, முதுமை என்பதா? இந்தக் கேள்விகளோடு நூலகத்தில் தேடியும் ஆசிரியர்களிடம் கேட்டும் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எடை சிறிது, செலவு பெரிது

வளர்ந்த மனிதனின் மூளை ஏறத்தாழ 1,400 கிராம் எடையுள்ளது. உடல் எடையில் இது 2 விழுக்காடுதான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை மூளையே எடுத்துக்கொள்கிறது. நிமிடத்திற்கு முக்கால் லிட்டர் இரத்தம் அதற்குள் பாய்கிறது. நாள் ஒன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் செலவாகிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் இது 20 வாட் திறனுள்ள ஒரு சிறு விளக்கு. ஆனால் இரவும் பகலும் அணையாத விளக்கு.

மற்ற உறுப்புகளுக்குச் சேமிப்பு உண்டு. கல்லீரலும் தசையும் கிளைக்கோஜனாகச் சர்க்கரையைச் சேர்த்து வைக்கின்றன. தோலுக்கடியில் கொழுப்பு இருக்கிறது. மூளையின் சேமிப்போ மிகச் சொற்பம். அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் அரிசி வாங்கும் வீடு போன்றது அது. இரத்த ஓட்டம் முற்றிலும் நின்றால் சுமார் 10 விநாடிகளில் நினைவு தப்பிவிடும். மூளையின் நலத்தைப் பற்றிய பேச்சு இரத்தக் குழாய்களின் நலத்தைப் பற்றிய பேச்சாகவும் இருப்பது இதனால்தான்.

இவ்வளவு செலவும் எதற்கு?

மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. ஒவ்வொரு நரம்பணுவும் தன் சவ்வின் இரு புறங்களிலும் சோடியம், பொட்டாசியம் அயனிகளை வேறு வேறு அளவில் வைத்திருக்கிறது. செய்தி செல்லும்போது சோடியம் உள்ளே பாயும், பொட்டாசியம் வெளியேறும். இவற்றை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வேலையைச் செய்வது சோடியம்-பொட்டாசியம் பம்பு என்னும் புரதம். ஓர் ஏ.டி.பி. மூலக்கூறைச் செலவிட்டு 3 சோடியம் அயனிகளை வெளியேற்றி, 2 பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுக்கிறது. இதனை 1957-இல் கண்டறிந்த டென்மார்க் நாட்டு அறிஞர் ஜென்ஸ் ஸ்கூ, 40 ஆண்டுகள் கழித்து 1997-இல் நோபல் பரிசு பெற்றார். மூளையின் எரிபொருளில் பெரும்பகுதி நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கும், பேசி முடித்தபின் இந்த அயனிகளை இறைத்துச் சமன் செய்வதற்கும் செலவாகிறது.

ஏ.டி.பி. இரண்டு வழிகளில் கிடைக்கிறது. ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸைப் பைருவேட்டாக உடைக்கும் கிளைக்காலிசிஸ் முதல் வழி. இதில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைக்கும் இலாபம் 2 ஏ.டி.பி. மட்டுமே. மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிஜனோடு முழுவதும் எரிப்பது இரண்டாம் வழி. இதில் மொத்தம் ஏறத்தாழ 30 ஏ.டி.பி. கிடைக்கிறது. இந்த இரண்டு வழிகளையும் வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். முதுமையைப் பற்றிய செய்தி இந்த வேறுபாட்டில்தான் அடங்கியிருக்கிறது.

நினைவு ஒன்றல்ல, பல

நினைவு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் பல திறன்களின் தொகுதி. நேற்று யார் வந்தார், பணத்தை எப்போது வாங்கினோம் என்பவை நிகழ்ச்சி நினைவு. சொற்களின் பொருள், ஊர்ப் பெயர், உறவுமுறை ஆகியவை பொருள் நினைவு. பால் கறப்பது, பூத் தொடுப்பது, மிதிவண்டி ஓட்டுவது போன்றவை செய்முறை நினைவு.

இவை வெவ்வேறு என்பதை உலகுக்குக் காட்டியவர் எச்.எம். என்று மருத்துவ ஏடுகளில் குறிக்கப்பட்ட ஹென்றி மொலைசன். வலிப்பு நோய்க்காக 1953-இல் அமெரிக்காவில் அவருக்கு அறுவை நடந்தது. மூளையின் இரு புறமும் உள்ள, கடற்குதிரை வடிவான ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில் பெரும்பங்கு நீக்கப்பட்டது. அதன் பின் அவரால் எந்தப் புதிய நிகழ்ச்சியையும் நினைவில் வைக்க இயலவில்லை. ஆனால் சிறுவயது நினைவுகள் இருந்தன. கண்ணாடியில் பார்த்துப் படம் வரையும் புதிய கைப்பழக்கத்தையும் கற்றுக்கொண்டார். பழகிய செயலைத்தான் மறந்தாரே தவிரப் பழக்கத்தை மறக்கவில்லை! அவரைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் கனடாவின் உளவியல் அறிஞர் பிரெண்டா மில்னர்.

நலமான முதுமையில் இந்தத் திறன்கள் எல்லாம் ஒரே அளவில் தேய்வதில்லை. நிகழ்ச்சி நினைவு சற்றுத் தளர்கிறது. சிந்தனையின் வேகம் குறைகிறது. ஆனால் சொல்வளம் நிலைத்திருக்கிறது. கைப்பழக்கமும் பெரும்பாலும் அழிவதில்லை. மேலும், தானாக நினைவுகூரக் கேட்டால் தடுமாறும் முதியவர், ஒரு குறிப்புக் கொடுத்தாலோ, "இதுவா அதுவா" என்று கேட்டாலோ சரியாகச் சொல்லிவிடுகிறார். உள்ளே பதிந்திருக்கிறது, எடுத்துத் தரத்தான் நேரமாகிறது.

நாற்பத்தேழு முதியவர்கள்

உயிரோடு இருக்கும் மனிதனின் மூளை எவ்வளவு எரிக்கிறது என்று அளப்பது எளிதன்று. 1945-இல் சீமோர் கெட்டி, கார்ல் ஷ்மிட் என்னும் இருவர் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் இதற்கு ஒரு வழி கண்டனர். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவைச் சிறிதளவு சுவாசிக்கச் செய்து, மூளைக்குப் போகும் தமனி இரத்தத்தையும் கழுத்துச் சிரை வழியே திரும்பும் இரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். அதிலிருந்து மூளையின் இரத்த ஓட்டத்தைக் கணக்கிட்டார்கள். போன ஆக்சிஜன் எவ்வளவு, திரும்பிய ஆக்சிஜன் எவ்வளவு என்று கழித்தால் மூளையின் செலவு தெரிந்துவிடும். வரவு செலவுக் கணக்கைப் போன்ற எளிய தத்துவம்!

இம்முறையை முதுமையின் மீது செலுத்திய ஆய்வு அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் நடந்தது. அதன் முடிவுகள் 1963-இல் நூலாக வெளிவந்தன. அந்த ஆய்வின் சிறப்பு ஆள்களைத் தேர்ந்தெடுத்த முறையில் இருக்கிறது. அதற்கு முன்னர் முதியோர் பற்றிய ஆய்வுகள் பல மருத்துவமனைகளிலும் விடுதிகளிலும் கிடந்த நோயாளிகளை வைத்தே செய்யப்பட்டிருந்தன. நோயின் விளைவையும் வயதின் விளைவையும் அவற்றில் பிரித்தறிய இயலாது. எனவே இந்த ஆய்வாளர்கள் சமூகத்தில் நலமாக வாழ்ந்துகொண்டிருந்த, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 47 ஆண்களைத் தேர்ந்தெடுத்தனர். மூளையின் இரத்த ஓட்டத்தையும் எரிபொருளையும் அளந்த குழுவில் முதன்மையானவர் பம்பாயைச் சேர்ந்த நரம்பு நோயியல் அறிஞர் தாராப் தஸ்தூர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி.

என்ன கண்டார்கள்? உடல்நலத்தில் மிகச் சிறந்து விளங்கிய முதியவர்களின் மூளை, சுமார் 21 வயது இளைஞர்களின் மூளையைப் போலவே இரத்தத்தையும் ஆக்சிஜனையும் பெற்றுக்கொண்டிருந்தது! வெளியே தெரியாத நோய், குறிப்பாக இரத்தக் குழாய்த் தடிப்பு, சிறிதளவு இருந்தவர்களிடம்தான் இரத்த ஓட்டம் குறைந்திருந்தது. முதுமை வேறு, நோய் வேறு என்பது அளவையால் நிலைநாட்டப்பட்டது. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு சிறு புதிர் எஞ்சியது. ஆக்சிஜன் செலவு குறையாத முதியவர்களிடமும் குளுக்கோஸ் செலவு மட்டும் சற்றுக் குறைந்திருந்தது. அது ஏன் என்று அன்று விளங்கவில்லை.

அடையாளமிட்ட சர்க்கரை

மேற்சொன்ன முறை மூளை முழுவதற்கும் ஒரே கணக்கைத்தான் தரும். வீட்டின் மொத்த மின்கட்டணத்தைப் பார்த்து, எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று சொல்ல முடியாது அல்லவா? 1955-இல் லூயி சோகோலோஃப் மனக்கணக்குப் போடும் மனிதர்களை அளந்தபோது, மூளையின் மொத்தச் செலவில் மாற்றமே தெரியவில்லை. அறை அறையாக அளக்கும் முறை வேண்டும் என்று உணர்ந்த அவர், 1977-இல் அதை வெளியிட்டார்.

குளுக்கோஸில் ஓர் ஆக்சிஜன் அணுவை நீக்கினால் கிடைப்பது டியாக்சி குளுக்கோஸ். நரம்பணு இதையும் சர்க்கரை என்று நம்பி உள்ளே எடுத்துக்கொள்கிறது. ஹெக்சோகைனேஸ் நொதி இதனோடு ஒரு பாஸ்பேட்டையும் சேர்த்துவிடுகிறது. அதற்கு அடுத்த படிக்கு இதனால் போக இயலாது, வெளியேறவும் வழியில்லை. எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே அதிகம் தேங்கி நிற்கும். அதில் கதிரியக்க அடையாளம் இட்டுவிட்டால் தேங்கிய இடம் படத்தில் தெரிந்துவிடும். எலிகளில் கார்பன்-14 கொண்டு செய்த இம்முறை, ஃபுளூரின்-18 என்னும், 110 நிமிடத்தில் பாதியாகத் தேயும் ஐசோடோப்பின் துணையால் மனிதர்களுக்கும் வந்தது. இன்று பெரிய மருத்துவமனைகளில் உள்ள பெட் ஸ்கேன் இந்தத் தத்துவத்தில் இயங்குவதே.

இதனால் நுட்பமான வேறுபாடுகள் வெளிப்பட்டன. நலமான முதியோரின் மூளையிலும், முக்கியமாக நெற்றிக்குப் பின்னுள்ள பகுதியில், குளுக்கோஸ் செலவு மெல்லக் குறைகிறது. திட்டமிடுவதற்கும் கவனத்தை நிறுத்துவதற்கும் நினைவைத் தேடி எடுப்பதற்கும் உதவும் பகுதி அது. அல்சைமர் நோயில் குறைவின் இடமே வேறு. மூளையின் பின்புறத்தை ஒட்டிய பக்கப் பகுதிகளிலும், நடுப்பகுதியின் பின்புறத்திலும் அது ஆழமாகத் தெரிகிறது. படத்திலும் முதுமையும் நோயும் வெவ்வேறு முகம் காட்டுகின்றன.

குறைவது எது?

1963-இல் எஞ்சிய புதிருக்கு 2017-இல் ஒரு விளக்கம் கிடைத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மனு கோயல், மார்க்கஸ் ரெய்க்கிள் முதலியோர் ஒன்றை அறிவித்தனர். இளம் மூளை, எரிப்பதற்கு ஆக்சிஜன் போதிய அளவு இருந்தும், ஒரு பங்கு குளுக்கோஸை முழுவதும் எரிக்காமல் முதல் வழியிலேயே பயன்படுத்துகிறது. இலாபம் குறைந்த வழியை அது ஏன் நாட வேண்டும்? அந்தக் குளுக்கோஸின் கார்பன், புதிய சவ்வுகளையும் நரம்பு இணைப்புகளையும் கட்டுவதற்கும் செப்பனிடுவதற்கும் பயன்படுகிறது என்று கருதுகிறார்கள். வயது ஏறும்போது குறைவது பெரும்பாலும் இந்தப் பங்குதான் என்பது அவர்களின் முடிவு. ஆக்சிஜனோடு எரிக்கும் அன்றாடச் செலவு அவ்வளவாகக் குறைவதில்லை.

நம் வயலை எண்ணிப் பாருங்கள். நாற்று நடும்போது வயல் நிறையத் தண்ணீர் வேண்டும், ஆள் வேண்டும், எரு வேண்டும். வரப்பில் நிற்கும் பனைக்கு யார் தண்ணீர் இறைக்கிறார்கள்? புதிய நினைவு நாற்று. பழைய நினைவு பனை. 50 ஆண்டுகளுக்கு முன் தன் திருமணத்திற்கு வந்தவர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பாட்டி, நேற்றுக் காலை நடந்ததில் தடுமாறுவதை இவ்வாறு ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

நினைவைப் பதிக்க எரிபொருள் தேவை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. நரம்பணுக்களை அடுத்து விண்மீன் வடிவத் துணையணுக்கள் இருக்கின்றன. இவை குளுக்கோஸை லாக்டேட் ஆக்கி நரம்பணுவுக்கு ஊட்டுகின்றன என்று 1994-இல் பெல்லரான், மஜிஸ்ட்ரெட்டி என்னும் இருவர் கூறினர். 2011-இல் எலிகளின் ஹிப்போகாம்பஸில் இந்த லாக்டேட் வழங்கலைத் தடுத்தபோது, நெடுநாள் நினைவு உருவாகவில்லை. பக்கத்து வீட்டார் சமைத்துக் கொடுத்தால்தான் இவ்வீட்டார் பாடம் படிக்கலாம் என்பது போன்ற ஏற்பாடு இது!

மற்றொரு செய்தி என்னை வியக்க வைத்தது. கோயல் குழுவினர் 20 முதல் 82 வயது வரையுள்ள 205 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவின்படி, எரிபொருள் பயன்பாட்டைக் கொண்டு கணித்தால் பெண்களின் மூளை, அதே வயது ஆண்களின் மூளையைவிடச் சராசரியாக 4 ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவான இளமை உடையது. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை.

சர்க்கரை தின்றால் நினைவு கூடுமா?

எரிபொருள் குறைகிறதென்றால் இனிப்பைக் கூட்டினால் என்ன என்ற எண்ணம் தோன்றலாம். இதையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தில் பால் கோல்டும் உடன் ஆய்வாளர்களும், நலமான முதியோருக்கு ஒரு நாள் 50 கிராம் குளுக்கோஸ் கலந்த எலுமிச்சைச் சாறும், மற்றொரு நாள் சாக்கரின் கலந்த சாறும் கொடுத்தனர். குளுக்கோஸ் நாளில் முதியோர் தாம் கேட்ட கதையைக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். 1990-இல் வெளியான இம்முடிவு எரிபொருளுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்புக்கு நல்ல சான்று.

ஆனால் சான்று வேறு, மருந்து வேறு. அந்தப் பயன் சிறிது நேரத்திற்கே. நாள்தோறும் இரத்தத்தில் சர்க்கரை உயர்ந்தே இருப்பது எதிரான விளைவைத் தருகிறது. பெர்லின் நகரில் நீரிழிவு இல்லாத 141 பேரை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்டனர். அவர்களின் சராசரி வயது 63. இரத்தச் சர்க்கரை சற்று உயர்வாக இருந்தவர்கள் சொற்பட்டியலை நினைவுகூர்வதில் பின்தங்கினர். அவர்களின் ஹிப்போகாம்பஸும் அளவில் சிறுத்திருந்தது. வெள்ளம் வந்தாலும் பயிர் அழியும் அல்லவா?

மூளைக்கு மாற்று எரிபொருளும் உண்டு. 1967-இல் ஜார்ஜ் கேஹில் குழுவினர் வாரக்கணக்கில் உண்ணாதிருந்தவர்களை அளந்தபோது, மூளை தன் தேவையில் பாதிக்கு மேல் கீட்டோன்களால் நிறைவு செய்துகொண்டதைக் கண்டனர். கல்லீரல் கொழுப்பிலிருந்து ஆக்குவதே கீட்டோன். முதுமையில் குளுக்கோஸை எடுப்பது குறைந்தாலும் கீட்டோனை எடுக்கும் திறன் குறைவதில்லை என்று கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் குனேன் காட்டியுள்ளார். இதைக் கேட்டு முதியோரைப் பட்டினி போடுவதும், புட்டி புட்டியாக எண்ணெய் புகட்டுவதும் அறிவாகாது. ஆய்வுக்கூடத்துச் செய்தி அடுப்படிக்கு வர மருத்துவர் வழியாகத்தான் வரவேண்டும்.

எது மறதி, எது நோய்?

இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2017 முதல் 2020 வரை நடந்த நாடு தழுவிய ஆய்வு, 100 பேரில் 7 பேருக்குச் சற்று அதிகமானோர்க்கு மறதி நோய் இருப்பதாகக் கணித்தது. மொத்த எண்ணிக்கையில் இது 88 இலட்சம் பேர், சிறிய துன்பமன்று. ஆனால் 100-இல் 90-க்கு மேற்பட்டோர்க்கு அந்த நோய் இல்லை என்பதும் அதே கணக்குத்தான்.

மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது முதுமை. கண்ணாடி எதற்கென்று தெரியாமல் விழிப்பது நோயின் அறிகுறி. ஒரு பெயர் வராமல் சற்று நேரம் கழித்து வருவது முதுமை. பிறந்து வளர்ந்த தெருவிலே வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே அடுக்கடுக்காகக் கேட்பது, நெடுநாள் பழகிய வேலை கைவிட்டுப் போவது, குணம் அடியோடு மாறுவது ஆகியவை இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். "வயசானா இப்படித்தான்" என்று நோயை விட்டுவிடுவதும் தவறு. "புத்தி போச்சு" என்று முதுமையை ஒதுக்குவதும் தவறு. இரண்டும் ஒரே அறியாமையின் இரு கிளைகள்.

சோதிப்பதிலும் ஒரு நேர்மை வேண்டும். வெளிநாட்டில் ஆக்கிய நினைவுச் சோதனைகள் சிலவற்றில் எழுதியதைப் படித்துச் செய்யவும், ஒரு வாக்கியம் எழுதவும் சொல்வார்கள். பள்ளி செல்லாதவர் அங்கே தோற்பது மூளையால் அன்று, எழுத்தால். அரியானா மாநிலத்தின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்தார்கள். படிப்பதற்கும் எழுதுவதற்கும் பதிலாகப் பேசியும் செய்தும் காட்டும்படி அமைத்த இந்திச் சோதனையை 1995-இல் வெளியிட்டார்கள். எழுத்தறியாதவர்க்கும் நினைவு உண்டு என்பதை ஒப்புக்கொண்ட அந்தச் சோதனையைப் பற்றிப் படித்தபோது எங்கள் வீட்டுச் சுவரைத்தான் எண்ணிக்கொண்டேன்.

செய்யத் தக்கவை

லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு 2024-இல் மறதி நோய்க்குரிய, மாற்றக்கூடிய 14 காரணங்களை வரிசைப்படுத்தியது. இவற்றை வாழ்நாள் முழுவதும் கவனித்தால் மறதி நோயில் 45 விழுக்காடு வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்று கணித்தது. அவற்றுள் நம் வீடுகளுக்குப் பொருந்துவன சில:

1. இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைச் சோதித்துக் கட்டுக்குள் வைத்தல். எரிபொருள் வரும் குழாய் இதுதான்.

2. நடை. 2011-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 55 முதல் 80 வயது வரையுள்ள 120 பேர் கலந்துகொண்டனர். ஓராண்டுக் காலம் வாரம் 3 நாள், 40 நிமிடம் வரை நடந்தவர்களின் ஹிப்போகாம்பஸ் 2 விழுக்காடு வளர்ந்தது. நடக்காமல் உடலை வளைத்து நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு 1.4 விழுக்காடு சுருங்கியது. பிற்கால ஆய்வுகள் எல்லாம் இதே அளவைக் காட்டவில்லை. எனினும் நடை நல்லது என்பதில் ஐயமில்லை.

3. கண் புரையையும் காது மந்தத்தையும் கவனித்தல். சரியாகக் கேளாத செய்தி எப்படி நினைவில் நிற்கும்?

4. புகை, மிகுந்த குடி ஆகியவற்றை விலக்குதல்.

5. தனிமையைப் போக்குதல். பேச்சுத் துணையும் பொறுப்பும் மூளைக்கு வேலை தருகின்றன.

6. இளமையில் கல்வி. இது முதியவர்க்கன்று, நமக்கும் நம் தம்பி தங்கையர்க்கும்.

முடிவுரை

நலமான முதியவரின் மூளை அணைந்த விளக்கன்று. அதன் அன்றாடச் சுடர் பெரும்பாலும் அப்படியே எரிகிறது. புதியதைப் பதிக்கும் கூடுதல் எரிபொருளும், தேடி எடுக்கும் வேகமும்தான் சற்றுக் குறைகின்றன. அந்தக் குறையை நிறைக்கப் பொறுமையும் ஒரு சிறு குறிப்பும் போதும். இதுவே நான் அறிந்துகொண்ட பாடம்.

அறிந்ததை வீட்டில் சொன்னேன். "ரெண்டு எழுத்துப் படிச்சதும் எங்களுக்கே பாடமா?" என்றார் சித்தப்பா. அப்பா மட்டும் மறுநாள் வேலைக்குப் போகாமல் அப்பாயியை ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்றார். நானும் உடன் போனேன். இரத்த அழுத்தம் உயர்ந்திருந்தது. அதற்கு மாத்திரை கொடுத்தார்கள். மருத்துவர் அருகில் அமர்த்தி வீட்டைப் பற்றியும் மாடுகளைப் பற்றியும் நாள் கிழமை பற்றியும் நிதானமாகக் கேட்டார். எத்தனை வீட்டுக்கு எவ்வளவு பால் என்று கேட்டபோது, 11 வீட்டுக் கணக்கையும் அப்பாயி விரல் மடக்கிச் சொன்னார். "இந்த வயதுக்கு இயல்பான மறதிதான், வேலையை நிறுத்தாதீர்கள்" என்றார் மருத்துவர்.

இப்போது சுவரில் மீண்டும் கோடுகள் இருக்கின்றன. ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். எந்த வீட்டில் பணம் வாங்கினாலும் திரும்பியவுடன், செம்பைக் கீழே வைப்பதற்கு முன்பே, அந்த வரிசையின் குறுக்கே ஒரு காவிக் கோடு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கிறேன். அப்பாயி இன்றும் சுருக்குப் பையை எங்கோ வைத்துவிட்டு வீடெல்லாம் தேடுகிறார். சித்தப்பா இன்னும் முழுதாக நம்பவில்லை. ஆனால் கோடுகளை அவர் துடைப்பதில்லை.

மாணவத் தோழர்களே! நம்மில் பலர் எழுத்தறியாத பெரியோரின் உழைப்பால் இந்த வகுப்பறைக்கு வந்தவர்கள். அவர்கள் ஒன்றை மறக்கும்போது சிரிப்பதும் சினப்பதும் எளிது. சற்றுக் காத்திருந்து, "யோசிச்சுப் பாருங்க" என்று சொல்வது அதைவிடக் கடினம் ஒன்றும் இல்லை. நாம் கற்கும் அறிவியல் நம் வீட்டுத் திண்ணை வரை சென்று பயன்படட்டும்!